ஜீஸ் பெண்ட்: போர்வைக்கு அடியில் இருக்கும் நிலம்

கேள்வி இதுதான்: "அமெரிக்கா என்றாலே நமக்கு நியூயார்க்கும் கலிபோர்னியாவும்தான் தெரிகிறது. அதன் தெற்கு மாநிலங்களில் ஒரு சின்னக் கிராமம் எப்படி உருவானது, அங்கே ஜனங்கள் அன்றாடம் எப்படி வாழ்ந்தார்கள்? ஏதாவது ஒரு ஊரை எடுத்துச் சொல்ல முடியுமா?"

எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர் ஒன்று இருக்கிறது. அலபாமா மாநிலத்தில், வில்காக்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இருக்கும் ஜீஸ் பெண்ட். 2010 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 275 பேர்தான். நம் பக்கத்தில் ஒரு பெரிய தெருவில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஆனால் இருநூறு வருஷத்து அமெரிக்கத் தெற்கின் கதை முழுவதும் அந்த ஒரு ஊருக்குள் அடங்கியிருக்கிறது.

இந்த ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் அதன் குவில்ட்டுகளைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வைகள். அவை இன்று பெரிய அருங்காட்சியகங்களின் சுவரில் தொங்குகின்றன. எனக்கும் அவற்றின் மேல் கொள்ளை ஆசை. ஆனால் போர்வையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஊர் புரியாது. அந்த மக்களிடம் நிலம் எப்படி வந்தது, அதனால் என்ன ஆனது என்பதுதான் இந்த ஊரின் உயிர்நாடி. ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் இடம். அலபாமா ஆறு ஓரிடத்தில் கொண்டை ஊசி மாதிரி வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் மண்தான் ஜீஸ் பெண்ட். பெண்ட் என்றால் வளைவு. மூன்று பக்கமும் தண்ணீர். நான்காவது பக்கம் ஒரே ஒரு சாலை. சுற்றுவட்டாரத்துக்குப் பெயர் 'பிளாக் பெல்ட்'. மண்ணின் கறுப்பு நிறத்தை வைத்து வந்த பெயர் அது. கரிசல் என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கிவிடும். கரிசல் என்றால் பருத்தி, பருத்தி என்றால் ஆள்பலம். அந்த நாட்டில் அந்தக் காலத்தில் ஆள்பலம் என்றால் அடிமைகள்.

1816-இல் வட கரோலினாவிலிருந்து ஜோசப் ஜீ என்பவர் பதினெட்டு அடிமைகளோடு வந்து இந்த வளைவில் பருத்திப் பண்ணை போட்டார். ஊர்ப் பெயரில் இருக்கும் 'ஜீ' அவர்தான். அவருக்குப் பிறகு பண்ணை உறவினர்களுக்குப் போனது. 1845-இல் ஒரு கடனைத் தீர்ப்பதற்காக மார்க் பெட்வே என்ற இன்னொரு உறவினர் கைக்கு மாறியது. மனிதர்களும் அந்தக் கணக்கில் ஒரு வரிதான். பெட்வே தன்னுடைய பழைய இடத்திலிருந்து ஏறக்குறைய நூறு அடிமைகளைக் கிளப்பிக்கொண்டு வந்தார். அவருடைய குடும்பம் வண்டியில் வந்தது. சமையற்காரர் ஒருவரைத் தவிர மற்ற அத்தனை பேரும் வட கரோலினாவிலிருந்து அலபாமா வரை நடந்தே வந்தார்கள் என்று ஊர் வரலாறு சொல்கிறது. நூற்றுக்கணக்கான மைல்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபோது அவர்களுக்கு விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எழுபது வருஷம் இதற்குள்தான் இருக்கிறது. பெரும்பாலோர் அதே பண்ணையில், அதே குடிசையில், விளைச்சலில் நிலக்காரருக்குப் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுபவர்களாகத் தங்கிவிட்டார்கள். பழைய எசமானரின் பெயரையே குடும்பப் பெயராகவும் வைத்துக்கொண்டார்கள். அதனால் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் பெட்வேதான். ஒரு பெட்வேக்கும் இன்னொரு பெட்வேக்கும் ரத்த சம்பந்தம் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை.

1895-இல் பண்ணை மறுபடி கை மாறியது. வாங்கியவர் டஸ்கலூசா நகரத்து வழக்கறிஞர் ஏட்ரியன் செபாஸ்டியன் வான் டி கிராஃப். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வான் டி கிராஃப் மின்னியற்றி என்று படம் போட்டுப் படித்திருப்போம். அதைக் கண்டுபிடித்த ராபர்ட் வான் டி கிராஃப் இவருடைய மகன். அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். அந்த வீட்டுக்குப் பருத்திக் குத்தகையும் வந்துகொண்டிருந்தது என்று தெரிய வந்தபோது சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நிலக்காரர் தூரத்து நகரத்தில் இருந்தார், மக்கள் ஆற்று வளைவுக்குள் தங்கள் பாட்டுக்குக் கிடந்தார்கள்.

வாரத்துக்கு உழுபவரின் வருஷக் கணக்கு எப்படி ஓடும் என்பதை நம் ஊரில் பண்ணையாள் முறையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வசந்தத்தில் விதை, உரம், மாவு, பன்றிக் கொழுப்பு எல்லாம் கடனுக்கு. கடன் கொடுப்பவர் ஆற்றுக்கு அக்கரையில், கேம்டன் என்ற சிறு நகரத்தில் இருந்த வியாபாரி. இலையுதிர் காலத்தில் பருத்தி எடுத்து அவரிடமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கணக்கு நோட்டு அவர் கையில். வருஷக் கடைசியில் "இன்னும் இவ்வளவு பாக்கி" என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அதற்கு மேல் என்ன கேட்பது?

முதல் உலகப் போருக்குப் பின் ஒரு பவுண்டு பருத்தி நாற்பது சென்ட் வரை போனது. 1930-களின் தொடக்கத்தில் அது ஐந்து, ஆறு சென்ட்டுக்கு விழுந்தது. அந்த வியாபாரி, விலை ஏறட்டும் என்று சொல்லி இவர்களுடைய பருத்தியை வாங்கிக் கிடங்கில் போட்டுவைத்தார். 1932-இல் அவர் இறந்துபோனார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. அவருடைய மனைவி தரப்பு பாக்கி முழுவதையும் ஒரேயடியாக வசூலிக்க ஆள் அனுப்பியது.

ஜப்தி என்ற வார்த்தையின் முழு அர்த்தம் அந்த இலையுதிர் காலத்தில் ஜீஸ் பெண்ட்டுக்குத் தெரிந்தது. அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள். குதிரையில் வந்தவர்கள் கோவேறு கழுதை, மாடு, வண்டி, கலப்பை, மண்வெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். பன்றியையும் கோழியையும் பிடித்தார்கள். களஞ்சியத்தில் இருந்த மக்காச்சோளத்தையும், குளிர்காலத்துக்கென்று குழிக்குள் வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையும்கூட விடவில்லை. ஆற்றில் படகு படகாகப் போனது அத்தனையும். அந்தக் குளிர்காலத்தை மக்கள் ஆற்று மீனும் காட்டுப் பழமும் கொட்டைகளுமாகத் தள்ளினார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவுதான் உயிரைப் பிடித்து வைத்தது. ஊரில் வயதானவர்கள் கடைசிவரை அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம்தான் திருப்பம். ரூஸ்வெல்ட் அரசின் மறுகுடியேற்ற நிர்வாகம் 1935 முதல் இந்த ஊருக்குக் கடன் கொடுக்க ஆரம்பித்தது. 1937-இல் அரசாங்கம் பழைய பெட்வே பண்ணையையும் பக்கத்து நிலத்தையும் சேர்த்து ஏறக்குறைய 10,000 ஏக்கரை வாங்கி, உழுபவர்களுக்கே குத்தகைக்கு விட்டது. கூட்டுறவு முறையில் கடை, பருத்தி அரவை ஆலை, மாவு மில், பள்ளிக்கூடம், மருத்துவ உதவி எல்லாம் வந்தன. மரப்பலகையில் நல்ல வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். இன்றும் அங்கே அவற்றை 'ரூஸ்வெல்ட் வீடுகள்' என்றுதான் சொல்கிறார்கள். பிறகு 1940-களில் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கொடுத்து, அந்த நிலத்தையும் வீட்டையும் குடும்பங்களுக்கே விற்றார்கள். பாட்டன் அடிமையாக உழுத அதே மண்ணுக்குப் பேரன் பெயரில் பட்டா.

தெற்கு முழுவதும் லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் அந்தக் காலத்தில் ஊரை விட்டு வடக்கே சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயிலேறிக்கொண்டிருந்தன. ஜீஸ் பெண்ட்டிலிருந்தும் போனார்கள். ஆனால் கணிசமான பேர் தங்கினார்கள், தங்க முடிந்தது. காரணம் அந்தக் காகிதம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பக்கத்து ஊர்களில் இதே பஞ்சம், இதே கடன். ஆனால் இப்படி ஒரு ஊரே நிலத்துக்குச் சொந்தமானது அபூர்வம்.

இனி அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். 1937-இல் அரசாங்கத்துக்காகப் படம் பிடிக்க ஆர்தர் ராத்ஸ்டைன் என்ற இளைஞர் இங்கே வந்தார். அவர் எடுத்த படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. மரத்தண்டுகளை அடுக்கி, இடுக்கில் மண் பூசிக் கட்டிய குடிசை. கண்ணாடி இல்லாத ஜன்னல். ஒரு சிறுமி அதில் சாய்ந்து நின்று வெளியே பார்க்கிறாள். பக்கத்தில் திறந்திருக்கும் மரக்கதவில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளில் ஒரு விளம்பரம். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி சிரித்தபடி உணவுத் தட்டை நீட்டிக்கொண்டிருக்கிறாள். சிறுமி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காகிதம் ஒட்டியது அலங்காரத்துக்கு அல்ல. சுவர் இடுக்கில் காற்று புகாமல் இருக்க மாவுப் பசை காய்ச்சி பத்திரிகைத் தாளை ஒட்டுவார்கள். உள்ளே எடுத்த படங்களில் சுவர் முழுவதும் அப்படித்தான்.

சாப்பாடு என்றால் மக்காச்சோள மாவில் சுட்ட ரொட்டி, சோளத்தட்டையைப் பிழிந்து காய்ச்சிய பாகு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கீரை, பட்டாணி, குளிர்காலத்தில் அறுத்து உப்பிட்டு வைத்த பன்றிக்கறி. வசந்தத்தில் உழவு, கோடையில் களையெடுப்பு, ஆகஸ்ட் முடிவிலிருந்து பருத்தி எடுப்பு. நீளமான சாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்தபடி வரிசை வரிசையாக எடுத்துப் போக வேண்டும். பருத்திக் காயின் ஓடு காய்ந்து முள் மாதிரி நிற்கும், விரலைக் கிழிக்கும். எங்கள் தாத்தா ஊரில் பருத்தி எடுத்துவிட்டு வரும் பெண்களின் விரல் நுனியை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதைப் படிக்கும்போது எனக்கு வெறும் தகவலாகத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வருஷத்தில் சில மாதம்தான். வயலில் வேலை இல்லாத நாளில்தான் படிப்பு.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். பாப்டிஸ்ட் சபை. ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் நீட்டி இழுத்துப் பாடுவார்கள். வாத்தியம் எதுவும் தேவையில்லை, காலால் தரையைத் தட்டுவதே தாளம். 1941 ஜூலையில் ராபர்ட் சாங்கின் என்பவர் வந்து இந்தப் பாட்டுகளையும் ஜெபங்களையும் பேச்சுகளையும் நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவு செய்துவிட்டுப் போனார். வெளியூர்க்காரர்கள் இத்தனை அக்கறையாக வந்து படம்பிடித்ததும் பதிவு செய்ததும் ஊர் அவ்வளவு தனித்துக் கிடந்ததால்தான். அந்தத் தனிமை அவர்களே தேடிக்கொண்டதல்ல. ஆனால் பழைய பாட்டும் பழைய தையலும் கலையாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

போர்வைக்கு வருவோம். குடிசையில் குளிர் தாங்காது. ஒரு படுக்கைக்கு நான்கைந்து போர்வை வேண்டும். மேலே போர்த்த, கீழே விரிக்க, சுவரில் காற்று வரும் இடத்தில் தொங்கவிட. கடைசியில் நைந்து எதற்கும் உதவாமல் போனால், கோடையில் கொசு விரட்டப் புகை போடக் கொளுத்துவார்கள். ஆகவே பழைய காலத்துப் போர்வைகள் அதிகம் மிஞ்சவில்லை.

துணி எங்கிருந்து வரும்? வயலில் போட்டுக் கிழிந்த கால்சட்டை, மேற்சட்டை, பாவாடை, மாவுச் சாக்கு, உரச் சாக்கு. உள்ளே வைக்கும் பஞ்சு, அரவை ஆலைத் தரையில் சிதறிக் கிடப்பதும் வயலில் எடுத்து மிஞ்சியதும். அதைத் தரையில் பரப்பிக் குச்சியால் அடித்து அடித்துத் தூசியும் விதைத் துணுக்கும் போக்கி மெத்தென்று ஆக்க வேண்டும். மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாகத்தான் ஒட்டுவாள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்பது அவள் இஷ்டம். அதற்குப் பிறகு சட்டத்தில் இழுத்துக் கட்டி, மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். பாட்டும் ஜெபமும் ஊர்க்கதையுமாகத் தையல் நடக்கும்.

மாதிரிகளுக்குப் பெயர் உண்டு. நடுவில் ஒரு சதுரம் வைத்து அதைச் சுற்றிச் சுற்றிச் சட்டம் போல ஒட்டிக்கொண்டே போனால் 'வீட்டுக் கூரை'. வெறும் நீளப் பட்டைகள் என்றால் 'சோம்பேறிப் பெண்'. செங்கல் அடுக்கினாற்போல் வந்தால் 'கொத்தனார்'. சின்னச் சின்ன முக்கோணங்களை மடித்து வட்ட வட்டமாக அடுக்கினால் 'பைன் காய்'. அதுதான் 1997-இல் அலபாமாவின் மாநிலப் போர்வையாக அறிவிக்கப்பட்ட மாதிரி. பெயர் என்னவோ பொது, ஆனால் யாரும் அப்படியே பார்த்துத் தைப்பதில்லை. கோடு கோணுகிறது, ஒரு பக்கம் பட்டை அகலமாகிறது, சாம்பல் நிறத்துக்கு நடுவில் திடீரென்று ஒரு சிவப்பு வந்து நிற்கிறது. 'என் வழி' என்று அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வசந்தத்தில் போர்வைகளைத் துவைத்துக் கொடியில் காயப்போடும்போது, போகிற வருகிறவர்கள் நின்று பார்த்து, வீட்டுக்குப் போய்த் தங்கள் வழியில் தைப்பார்கள். பெண்கள் படித்த பள்ளிக்கூடம் அந்தக் கொடிதான்.

ஒரு போர்வையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மிசௌரி பெட்வே என்ற பெண் 1942-இல் தைத்தது. அவருடைய கணவர் இறந்துவிட்டார். அவர் வயலில் உடுத்திய துணிகளையெல்லாம் எடுத்துக் கிழித்து ஒரு போர்வை தைத்தார் மிசௌரி. உடன் உட்கார்ந்து உதவியது மகள் ஆர்லோன்சியா. அப்போது பதின்வயதுப் பெண். இறந்துபோன கணவரை நினைவில் வைத்துக்கொள்ளவும், அன்புக்காக அதற்கு அடியில் படுத்துக்கொள்ளவும்தான் தைக்கிறேன் என்று அம்மா சொன்னதாக ஆர்லோன்சியா பல வருஷம் கழித்து நினைவுகூர்ந்தார். பட்டை பட்டையாக, கட்டம் கட்டமாக நீலமும் நரைத்த வெள்ளையும். இந்த மாதிரி வேலைத்துணிப் போர்வைகளை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். முழங்கால் பட்டு வெளுத்த இடம் வெளுப்பாகவே இருக்கும். பையைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் வெயில் படாத துணி சதுரமாகக் கருநீலத்தில் நிற்கும். ஒரு மனிதன் எங்கே மண்டியிட்டான், எங்கே கையை நுழைத்தான் என்பதெல்லாம் அந்தத் துணியில் இருக்கிறது. நம் வீடுகளில் இறந்துபோன ஆச்சியின் சேலையைத் தொட்டில் கட்டவும் விரிக்கவும் வைத்துக்கொள்வோமே, அதே மனசுதான் இது.

இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டோரம் வாழும் சித்திகளும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பெண்களும் பழைய சேலைத் துண்டுகளைச் சேர்த்து 'கௌதி' என்று போர்வை தைக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வண்ணத்தை வைக்கும் தைரியம் ஒரே மாதிரி தெரிகிறது. இதற்குமேல் அதிலிருந்து முடிவு எதுவும் கட்ட நான் தயாரில்லை.

1949-இல் தபால் நிலையம் வந்தபோது ஊருக்கு அதிகாரப் பெயர் பாய்கின் ஆனது, ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் அது. இன்றும் வரைபடத்தில் பாய்கின்தான். ஊரார் வாயில் ஜீஸ் பெண்ட்தான்.

இப்போது 1960-கள். வில்காக்ஸ் கவுண்டியில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். ஆனால் 1965 தொடங்கும்போது வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர் பெயர்கூடக் கிடையாது. பூஜ்யம். பெயர் பதியக் கேம்டன் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போக வேண்டும். அங்கே போகப் படகு ஏற வேண்டும். ஜீஸ் பெண்ட் மக்கள் போக ஆரம்பித்தார்கள். இந்த இயக்கம் தலையெடுத்த அந்தச் சமயத்தில், 1962-இல், படகு நின்றுபோனது. ஆற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் கேம்டன். படகு இல்லாவிட்டால் சாலையில் சுற்றிக்கொண்டு நாற்பது மைல். அந்தச் சாலைக்குத் தார் போட்டதே 1967-இல்தான். மழை பெய்தால் வண்டி போகாது. ஆஸ்பத்திரி, கடை, அரசு அலுவலகம் எல்லாமே அக்கரையில். "அவர்கள் கறுப்பர்கள் என்பதற்காக நாங்கள் படகை நிறுத்தவில்லை, தாங்கள் கறுப்பர்கள் என்பதை அவர்கள் மறந்துவிட்டதால் நிறுத்தினோம்" என்று அன்றைய ஷெரீஃப், அதாவது கவுண்டியின் காவல் தலைவர், சொன்னதாக அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

1965 பிப்ரவரியில் ஒரு மழை இரவில் மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊருக்கு வந்தார், தேவாலயத்தில் பேசினார். நீங்களும் ஒரு பொருட்டான மனிதர்கள் என்று சொல்லத்தான் வந்தேன் என்றார். அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாகக் கேம்டனுக்குப் போனார்கள், கண்ணீர்ப்புகையும் சிறையும் பார்த்தார்கள்.

இந்த இடத்தில்தான் நிலம் பேசுகிறது. வில்காக்ஸில் மற்ற இடங்களில் வாக்குரிமை கேட்டவர்களை நிலக்காரர்கள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பல தலைமுறையாக இருந்த குடும்பம் ஒரே நாளில் தெருவுக்கு வந்தது. ஜீஸ் பெண்ட்காரர்களை வேலையிலிருந்து நீக்கலாம், கடைக் கடனை நிறுத்தலாம், படகையும் நிறுத்தலாம். வீட்டை விட்டு விரட்ட மட்டும் யாராலும் முடியாது. ஒரு சின்ன ஊரிலிருந்து அத்தனை பேர் துணிந்து போனதற்கு வீரம் ஒரு காரணம் என்றால், திரும்பி வரச் சொந்த வீடு இருந்தது இன்னொரு காரணம். இரண்டாவதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை என்பதுதான் எனக்குக் குறை.

அந்த நாட்களில்தான் பிரான்சிஸ் வால்டர் என்ற எபிஸ்கோபல் பாதிரியார், 1965 டிசம்பரில், அந்தப் பகுதியில் ஒரு வீட்டுக் கொடியில் போர்வைகள் காய்வதைப் பார்த்தார். போர்வைக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட்டார். 1966-இல் 'ஃபிரீடம் குவில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சங்கம் பின்னால் கொஞ்சம் நிலம் வாங்கியது. அதில் ஒரு பகுதியை, வாக்குக்காக வீடிழந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு மனையாக விற்றது. 1972 முதல் சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்துக்குக் கார்டுராய் என்ற வரிவரியான கனத்த துணியில் தலையணை உறை தைத்துக் கொடுத்தார்கள். வெளியே விற்கும் சரக்கு என்றால் அளவு பிசகக் கூடாது, கோணக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மிஞ்சிய கார்டுராய் வெட்டுத் துண்டுகள் வீட்டுக்கு வந்தன, பச்சையும் ஆரஞ்சும் தங்க நிறமுமாக. அவற்றில் அவர்கள் தங்கள் வழியில் தைத்த போர்வைகள்தான் இன்று எல்லோரும் வியக்கும் போர்வைகளில் பல.

அதே காலத்தில் ஒரு பெரிய இழப்பும் நடந்தது. கீழே ஆற்றில் மில்லர்ஸ் ஃபெர்ரி அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறி, ஆற்றோரத்து வண்டல் நிலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் மூழ்கியது. போனது அத்தனையும் நல்ல நிலம். விவசாயம் அதோடு ஒடுங்கியது. பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போனார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பலருக்கும் தெரிந்த பகுதி. 1990-களில் வில்லியம் ஆர்னெட் என்ற கலைச் சேகரிப்பாளர் போர்வைகளைத் தேடித் தேடி வாங்கினார். 2002-இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் கண்காட்சி நடந்தது, விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2006-இல் பத்து தபால்தலைகள் வெளிவந்தன. புகழ் வந்த வேகத்தில் பணம் வரவில்லை. தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று 2007-இல் மூன்று பெண்கள் வழக்குப் போட்டார்கள், மறு வருஷம் சமரசமாக முடிந்தது. வடிவத்தைச் சுவரில் பார்த்துவிட்டுக் கம்பளமும் காலண்டரும் போட்டவர்கள் பலர். எழுபது வயதில் அந்த ஊசியைக் கோத்தவருக்கு அதில் எவ்வளவு போனது என்ற கேள்வி நியாயமானது. மிசௌரியின் அந்தப் போர்வை இப்போது வாஷிங்டனில் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

படகு? 1962-இல் நின்றது 2006-இல்தான் மறுபடி ஓடியது. நாற்பத்துநான்கு வருஷம். அன்று படகுத்துறைக்கு நடந்து போன இளம்பெண்கள் பாட்டிகளாகிவிட்டார்கள். 2019-இல் அதை முழுக்க மின்சாரப் படகாக மாற்றினார்கள். பயணிகளையும் வாகனங்களையும் ஏற்றும் மின்சாரப் படகு அமெரிக்காவில் அதுதான் முதல். பதினைந்து கார் பிடிக்கும். அக்கரைக்குக் கால் மணி நேரம்.

நீங்கள் எப்போதாவது அந்தப் பக்கம் போனால் அக்டோபரில் போங்கள். 2022 முதல் வருஷத்துக்கு ஒருமுறை ஊர் முழுவதும் போர்வைகளைக் கொடியிலும் வேலியிலும் வெளியே போட்டு ஒரு விழா நடத்துகிறார்கள். பெரிய கடை, ஓட்டல் எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டு போவது நல்லது. தையல்காரப் பெண்கள் 2003-இல் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு அங்கே இருக்கிறது. உள்ளே போனால் யாராவது ஒருவர் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கலாம். அவசரப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள். அங்கே விற்கும் ஒவ்வொரு போர்வையிலும் ஒரு எண்ணும், தைத்தவரின் கையெழுத்தும் இருக்கும். திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பெயர் பெட்வே என்று முடியும்.